எல்லாம் ஒன்றில்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்ட மாபெரும் சாதனம் இப்போது தன் கையில்தான் இருக்கிறது என்று மேடையில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் நினைத்துக்கொண்டார், மனைவியின் பூப்போட்ட உறைக்குள் இருந்தாலும் போன் போன்தானே... ரேடியோ, கேமரா, டேப் ரிக்கார்டர், டிவி என்று ஒரு காலத்தில் தன் கடையின் நாலு சுவரையும் அடைத்துக்கொண்டிருந்த அத்தனையும் இதற்குள் சுருண்டு படுத்திருக்கின்றன, இதை வியாபாரிகள் சங்கத்துக்குப் புரிய வைக்கத் தன்னை விட்டால் யார், பேச்சு முடிந்ததும் செயலாளர் தேர்தல், எதிர்த்து நிற்பவர் பாத்திரக் கடைக்காரர், பாவம், குக்கரில் படம் பார்க்க முடியுமா என்ன? காலையில் மனைவி, “பேச்சை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்களேன், அப்படியே ஒரு மைக்கும் சொல்லிடுங்க” என்றாள், “பேப்பரா? நான் விக்கிறது என்ன, நீ சொல்றது என்ன?” என்று வாயை அடைத்தாயிற்று, மைக்கும் இதுவே, பேச்சும் இதிலேயே, கடைசி வரிசைக்கும் தன் முகம் தெரியும்படி பின்னால் உள்ள பெரிய திரைக்குப் படம் அனுப்புவதும் இதுவே...

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்தார், போனை வாயருகே கொண்டுபோனார், “பெரியோர்களே” என்று அரங்கமே அதிர்ந்தது, அடுத்த வரி என்ன, பார்க்கக் கீழே இறக்கினால் குரல் போய்விடுகிறது, வாய்க்குக் கொண்டுவந்தால் எழுத்து போய்விடுகிறது, அட, இதை எப்படி யோசிக்காமல் விட்டோம்? போகட்டும், எழுதியவன் நான்தானே, பேச்சு எனக்குள்ளும் இருக்கிறது என்று போனை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மனதில் வந்ததைப் பேச ஆரம்பித்தார், என்ன ஆச்சரியம், முதல் வரிசை சிரித்தது, பிறகு அரங்கமே சிரித்தது, நகைச்சுவை தனக்கு இவ்வளவு வருமென்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே, எதற்கும் அசையாத மச்சான்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், பாத்திரக் கடைக்காரர் நாற்காலியில் நெளிகிறார், செயலாளர் என்ன, தலைவர் பதவிக்கே நின்றிருக்கலாம், மனைவி மட்டும் ஏன் கையால் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள், ஜலதோஷமா? “மாமா, கொஞ்சம் பின்னாடி பாருங்க!” என்று மச்சான் கத்தினான், வாழ்த்து ஏதும் போட்டிருப்பார்களோ என்று பெருமையோடு திரும்பினார்.

திரை முழுக்க அவருடைய மூக்குத் துவாரம் இருந்தது. உள்ளிருந்து ஒரு நரைமுடி நீட்டிக்கொண்டிருந்தது.