வியட்நாம் போகாத பத்து நாட்கள்

1

இதை முதலில் நான் கதையாக எழுதவில்லை. கீழ்வீட்டு சகுந்தலா டீச்சர் தம் பள்ளியில் படிப்பதற்காக இரண்டு பக்க உரை ஒன்று எழுதித் தரச் சொன்னார். ஆசிரியர்களுக்கான பயணத் திட்டம் ஒன்றில் தேர்வாகி வியட்நாமில் பத்து நாள் தங்கி வந்த அனுபவத்தைப் பற்றிய உரை. அவர் வியட்நாம் போகவில்லை. அந்தப் பத்து நாளும் எங்கள் தென்னூர் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துப் பாதுகாக்கும் ஒரு கடையில் இருந்தார்.

இது அவருக்கும், அவர் கணவர் முரளிதரனுக்கும், பயணத்தை நடத்திய அறக்கட்டளைக்கும், எனக்கும் தெரியும். பள்ளியில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவள் இல்லையென்றால் உரையை எழுதிக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்திருப்பேன்.

(சகுந்தலா என்பது அவர் பெயர் இல்லை. ‘எழுதுறதுன்னா எழுதிக்குங்க, பேரை மாத்திடுங்க’ என்றார். மாற்றிவிட்டேன். அதைத் தவிர வேறு எதையெல்லாம் மாற்றினேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.)

2

மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

‘புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, தெற்கு வாசல் தெருவில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், சகுந்தலா ஒரு குழந்தையின் செருப்பைக் கையில் எடுத்து’

இதை முடிக்கவில்லை. அங்கே போய்ச் சேர்வதற்கு முன் வாசகருக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது.

‘பயணம் என்பது மனிதனை’

இதை அடித்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது: ‘பாஸ்போர்ட்டில் நான்கு மாதம்தான் பாக்கி இருந்தது.’ இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் நடந்தது இங்கிருந்துதான்.

ஏறக்குறையப் பத்து வருடங்களுக்கு முன், முரளிதரனின் தங்கையைப் பார்க்க சிங்கப்பூர் போவதாக இருந்தபோது எடுத்த பாஸ்போர்ட். அந்தப் பயணம் நடக்கவில்லை. பக்கங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. பயணத்துக்கு ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று திட்டக்காரர்கள் முதலிலேயே கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது என்று டீச்சர் படிவத்தில் எழுதியிருக்கிறார். எடுத்துப் பார்க்கவில்லை. பொன்மலையில் ரயில்வே வேலை பார்க்கும் முரளிதரன் அதை இரண்டு தரம் சொல்லிக் காட்டினார்: “பரீட்சையில கேள்வியை ஒழுங்கா படிக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவ.”

திட்டத்தில் இரண்டு பிரிவு இருந்தது. ஒன்று வெளிநாடு. போக முடியாதவர்களுக்கு உள்ளூர்ப் பிரிவு: சொந்த ஊரிலேயே தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொழிலில், அந்தத் தொழில் செய்கிறவரின் வீட்டிலேயே தங்கி, பத்து நாள் கூடமாட வேலை செய்ய வேண்டும். யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது விதி. நோக்கம் ஆசிரியரின் தொழில் வளர்ச்சி, தனி வளர்ச்சி என்று கையேட்டில் போட்டிருந்தது.

உள்ளூர்ப் பிரிவுக்கு மாற்றி மின்னஞ்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பள்ளியில் பாராட்டுக் கூட்டம் முடிந்துவிட்டது. தாளாளர் பொன்னாடை போர்த்தினார். பள்ளி வாசலில் பிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். அதில் டீச்சரின் முகத்துக்குப் பின்னால் மலையும் கடலும் இருந்தன. நம் பள்ளியிலிருந்து முதன்முறையாக வெளிநாட்டுக் கல்விப் பயணம்.

“அந்த பேனரை இறக்கச் சொல்ல வாய் வரலை சார்” என்றார் என்னிடம். “காலாண்டு லீவுதானே, யாருக்குத் தெரியப்போவுதுன்னு கெளம்பிட்டேன்.”

முரளிதரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டார். “வியட்நாம் காவிரிக்கு அந்தப் பக்கம்தான். கண்டக்டர்கிட்ட சொல்லு, எறக்கிவிட்ருவாரு.”

3

காளியாயியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

செருப்புக் கடைக்காரியின் பெயர் அதுவென்றும், துறையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் என்றும், தம் வயதுதான் இருக்கும் என்றும் டீச்சர் சொன்னார். ‘நல்லவங்கதான், வாய்தான் கொஞ்சம்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் போட்டிருக்கிறேன். போடுவதற்காக அந்தக் கடைக்கு மூன்று முறை போய்ச் செருப்பை விட்டு வந்தேன். கோயிலுக்குள் போகவில்லை. எதிர்வரிசையில் நின்று பார்த்தேன். மூன்றாவது முறை அந்த அம்மாள், “இன்னைக்கும் சாமி பாக்கலையா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் எதற்கும் நான் பதில் சொல்வதில்லை.

ஆகவே பின்வரும் பேச்சில் பாதி என்னுடையது. எந்தப் பாதி என்று நான் குறித்து வைக்கவில்லை.

கடை இப்படி: சுவரோடு ஒரு மர அலமாரி. நூற்றிருபது அறைகள், ஒவ்வொன்றுக்கும் எண். எண் போட்ட வில்லையைக் கொடுத்து அனுப்புவார்கள். கூட்டம் அதிகமான நாட்களில் அலமாரி நிறைந்துவிடும். அப்போது தரையில் தார்ப்பாய் விரித்து, சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எண். செருப்பில் எந்த அடையாளமும் கிடையாது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் அடையாளம்.

முதல் நாள் முழுவதும் டீச்சர் செருப்பைக் கையால் தொடவில்லை. ஒரு குச்சியால் தள்ளினாராம். இரண்டாம் நாள் குச்சியைக் காணோம். மறைத்து வைத்தது காளியாயியாகத்தான் இருக்கும். ஐந்தாம் நாளுக்குள் செருப்பைப் பார்த்தே ஆள் எந்த ஊர்ப் பக்கம், நடந்து வந்தாரா காரில் வந்தாரா என்று சொல்லப் பழகிவிட்டார். இதை அவர் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை இருந்தது. வியட்நாம் உரையில் சேர்க்க முடியாத பெருமை.

4

எட்டாம் நாள், சனிக்கிழமை. புரட்டாசிக் கூட்டம். அலமாரி நிறைந்து, தார்ப்பாயிலும் நாற்பது ஜோடிக்கு மேல் ஆகிவிட்டது. காளியாயி டீ குடிக்கப் போனார். “யாராவது வந்தா வாங்கி வைங்க, பத்து நிமிஷம்.”

டீச்சர் தார்ப்பாயைப் பார்த்தார். பெரிய பெரிய ஷூக்கள் முன்னால் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் சின்னச் செருப்புகள் கண்ணுக்கே தெரியவில்லை. பதினெட்டு வருடம் தினமும் காலையில் மைதானத்தில் நின்று பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியவர் அவர். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்றார். கை தானாகச் செய்திருக்கிறது. சின்னது முன்னால், பெரியது பின்னால். குழந்தைகளின் செருப்பு முதல் வரிசை. ஒரு முழ இடைவெளி. குதிகால்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில்.

காளியாயி திரும்பி வந்து பார்த்தார்.

“என்ன டீச்சர் பண்ணி வச்சிருக்கீங்க?”

“கலைஞ்சு கெடந்துச்சுங்க. சின்னதெல்லாம் மறைஞ்சு…”

“இது என்ன பிரேயரா? செருப்பெல்லாம் எந்திரிச்சு நின்னு பாட்டுப் பாடுமா?”

அப்போதுதான் டீச்சருக்குக் கட்டங்கள் நினைவுக்கு வந்திருக்கின்றன. அதற்குள் தரிசனம் முடிந்து ஒரு கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. இருபது கைகள் வில்லையை நீட்டின.

“நூத்தி முப்பத்தேழு எங்கம்மா?”

“இது என்னுது இல்லைங்க, என்னுது வார் பிஞ்சிருக்கும்.”

“எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு!”

காளியாயி முக்காலி மேல் ஏறி நின்றார். “அவங்கவங்க செருப்ப அவங்கவங்களே பாத்து எடுத்துக்குங்க. நல்ல செருப்பாப் பாத்து மாத்திப் போட்டுக்கிட்டுப் போறவங்கள பெருமாள் பாத்துக்கிட்டு இருக்காரு. இப்பத்தான் உள்ள போயி அவரைப் பாத்துட்டு வந்தீங்க, மறந்துராதீங்க!”

சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு ஜோடிகூடத் தொலையவில்லை என்பதை டீச்சர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

கூட்டத்தில் ஒருவர் டீச்சரின் முகத்தைப் பார்க்காமலே வில்லைகளை நீட்டி, “ஏம்மா, புதுசா? ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியாதா?” என்றார். அவரை டீச்சருக்குத் தெரியும். சந்திரசேகர். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறார். பக்கத்தில் அவர் மகள் நிஷா. எட்டாம் வகுப்பு, பி பிரிவு. டீச்சரின் வகுப்பு.

5

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஜூலை மாதத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. திறமையான எழுத்தாளர் இதை முன்பே சொல்லியிருப்பார். எனக்கே டீச்சர் இதைக் கடைசியில்தான் சொன்னார்.

பள்ளியில் ஒழுங்குக்குப் பொறுப்பு அவர். பொய்யான காரணம் எழுதி விடுப்புக் கடிதம் கொண்டுவரும் பிள்ளைகளை, அதே கடிதத்தைக் காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கில் உரக்கப் படிக்க வைப்பார். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. படிக்க மட்டும் வைப்பார். ஜூலையில் நிஷா காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். உண்மையில் வையம்பட்டியில் அத்தை வீட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தாள். எண்ணூறு பேர் முன்னால் படித்தாள். ‘காய்ச்சல்’ என்ற இடம் வந்தபோது மைதானம் சிரித்தது. அவள் நிறுத்தாமல், கையெழுத்து வரைக்கும் படித்து முடித்தாள்.

இப்போது திரும்பலாம்.

நிஷாவின் செருப்பு முதல் வரிசையில் இருந்தது. டீச்சர் குனிந்து எடுத்து அவள் காலடியில் வைத்தார். நிமிர்ந்தார். நிஷா அவரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “தெரியல சார். ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு.”

பிறகு நிஷா சொன்னாள்:

“தேங்க்ஸ்க்கா.”

அப்பாவின் கையைப் பிடித்து, “வாங்கப்பா, போலாம்” என்று இழுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

[அந்த ‘அக்கா’வை நான் பல நாட்கள் புரட்டிப் பார்த்தேன். அப்பாவின் முன்னால் டீச்சரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்ற கருணையாக இருக்கலாம். ‘நீங்கள் யாராக நடிக்கிறீர்களோ அப்படியே கூப்பிடுகிறேன்’ என்ற ஏளனமாக இருக்கலாம். பதின்மூன்று வயதில் இரண்டும் ஒரே மூச்சில் வரும். எனக்குப் பிடிபடவில்லை. டீச்சருக்குப் பிடிபட்டிருந்தால் என்னிடம் உரை கேட்டிருக்க மாட்டார்.]

6

பள்ளி திறக்கும் திங்கட்கிழமை காலை வணக்கத்தில் சகுந்தலா டீச்சரின் வியட்நாம் அனுபவ உரை என்று தாளாளர் அறிவித்துவிட்டார். வெள்ளிக்கிழமை டீச்சர் மாடிக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னார். எழுதித் தாருங்கள் என்றார்.

எழுதினேன். சுலபமாக வந்தது. படகு, நெல் வயல், வரிசையாகச் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகள். ஆறு மட்டும் சரியாக வரவில்லை. எத்தனை முறை எழுதினாலும் கொள்ளிடத்தைப் போலவே அகன்று, மணலாகக் கிடந்தது. கடைசியில் அதற்குத் தண்ணீர் விட்டேன்.

ஞாயிறு மாலை கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

“நல்லா இருக்கு சார். நானே போயிட்டு வந்த மாதிரி இருக்கு.”

பிறகு, “அங்க கோயிலுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டே போவாங்களா?” என்று கேட்டார்.

“தெரியலங்க.”

“கழட்டிட்டுப் போனா, அங்கயும் யாராவது பாத்துக்கணும்ல?”

நான் பேசவில்லை. அவர், “நான் என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?” என்றார். அதற்கும் பேசவில்லை. பேசாமல் இருப்பதை நான் எப்போதும் ஒரு மரியாதை என்று நினைத்து வந்திருக்கிறேன். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் டீச்சர் உரையைப் படிக்கிறார். எண்ணூறு பேரும் கை தட்டுகிறார்கள். நிஷாவும் தட்டுகிறாள். இதைவிடக் கொடுமையான முடிவு எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவதில் உண்மையைச் சொல்கிறார். பேனர் இறங்குகிறது. தாளாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒழுங்குப் பொறுப்பு வேறொருவருக்குப் போகிறது. பிள்ளைகள் அவரைச் செருப்பு டீச்சர் என்கிறார்கள். இதை எழுதும்போது நான் அவரை மேலும் மேலும் நல்லவராக்கிக்கொண்டே போனேன். அதனால் கிழித்தேன்.

மூன்றாவதில் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் அனுப்புகிறார். கதைக்கு அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. மனிதர்கள் இவ்வளவு கச்சிதமாக நடந்துகொள்வதை நான் பார்த்ததில்லை.

7

இனி வருவதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். நான் பால் வாங்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் பள்ளியிலிருந்து வந்து கேட்டைச் சாத்திவிட்டு, படிக்கட்டின் அடியில் நின்றார். கைப்பை மூடியிருந்தது. புடவை கசங்கவில்லை. முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் நகரவில்லை.

“கேக்க மாட்டீங்களா சார்?” என்றார்.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“காலையிலேருந்து யாராவது ஒருத்தர் கேப்பாங்கன்னு பாக்குறேன். நீங்களாச்சும் கேளுங்களேன்.”

நான் கேட்கவில்லை என்பதால் அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததை என்னால் எழுதவும் முடியாது. இன்னொரு முறை தண்ணீர் விட மாட்டேன்.

அவர் இன்னும் அந்தப் படியின் அடியில்தான் நிற்கிறார். நான் ஒதுங்கி நின்ற இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் வந்து நில்லுங்கள். ஒரு கேள்விதான். கேளுங்கள்.