டைமிங் செயினுக்கு நாலு விரல்

காரின் டைமிங் செயின் தளர்ந்ததிலிருந்து தில்லைநாயகம் செட்டியார் வீட்டில் பதில் முதலிலும் கேள்வி பிறகும் வந்துகொண்டிருந்தன.

ஆரம்பத்தில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் வீட்டில் சில்லறைத் தொல்லைகள் இருக்கத்தான் செய்யும். வண்டி அறுபத்திரண்டாம் வருஷத்தது. பச்சை நிறம். கல்யாணத்தின்போது மாமனார் கொடுத்தது. எஞ்சினுக்குள் சங்கிலி கலகலத்தால் வீட்டுக்குள் மனைவி மங்கையர்க்கரசி கொஞ்சம் முன்னால் போய்விடுவாள். அவ்வளவுதான்.

“உப்பு சரியாத்தாங்க இருக்கு,” என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் இலை முன்னால் உட்காருவார், ஒரு வாய் சாப்பிடுவார், “உப்பு கம்மியோ?” என்பார்.

நாளாக ஆக இடைவெளி வளர்ந்தது. திங்கட்கிழமை அவர் சொன்ன ஜோக்குக்கு அவள் ஞாயிற்றுக்கிழமையே சிரித்து முடித்திருந்தாள். அவர் கடைக்குக் கிளம்பும்போது, “வந்துட்டீங்களா,” என்று கதவைத் திறந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். காரணம் தெரிய அவர் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் மாமனார் இறந்துபோனதாகப் போன் வந்தது. செட்டியார் அழுதார். அப்போது மங்கையர்க்கரசி அழுது ஓய்ந்து, அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அழ அவளுக்கும் ஆள் இல்லை, அவருக்கும் ஆள் இல்லை.

இப்படியே விட்டால் இவளைப் பிடிக்கவே முடியாது என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மெக்கானிக் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

சவரிமுத்து பானெட்டைத் திறந்தான். செருப்பைக் கழற்றி பம்பர் ஓரமாக விட்டான். உள்ளே இறங்கி நடந்தான். எஞ்சின் உள்பக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டிருந்தது. அவனுக்கு டீயைத் தூக்குவாளியில் கட்டி இறக்க வேண்டியிருந்தது.

“மொதலாளி,” என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. “கீழ ஒரு பல்சக்கரம், மேல ஒரு பல்சக்கரம். கீழது ரெண்டு சுத்து சுத்துனா மேலது ஒரு சுத்து. ரெண்டுலயும் ஒரு புள்ளி வச்சிருக்கான். அந்தப் புள்ளி ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கணும். இங்க ஒண்ணு கெழக்க பாக்குது, இன்னொண்ணு வெளியூரே போயிருச்சு.”

“கீழது யாரு?”

“நீங்கதான். வீட்டுல வெட்டியா ரெண்டு சுத்து சுத்துறது யாரு?”

“செயின் மட்டும் மாத்துனாப் போதுமா? பல்சக்கரம் பழசே இருக்கட்டுமே.”

“பல்லு தேஞ்சு கெடக்கு மொதலாளி. பழைய பல்லுல புதுச் செயின மாட்டுனா, இந்தப் பொங்கலுக்கு அம்மா அடுத்த பொங்கல வச்சிருவாங்க. செட்டா வாங்கியாங்க.”

செட்டாக வாங்கு என்பது ஒரு வியாபாரியின் காதில் எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கிளம்பினார்.

அந்த மாடலுக்கான செட்டு பழைய இரும்புக் கடைத்தெருவில் பிச்சை ராவுத்தரிடம் மட்டும்தான் இருந்தது. ராவுத்தர் மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். மாடு குறைந்ததும் எஞ்சினுக்கு வந்துவிட்டார். முறையை மட்டும் மாற்றவில்லை. கேட்கிற விலையை விரல் கணக்கில் சொல்வார், படிகிற விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

ராவுத்தர் பல்சக்கரத்தின் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

“பாத்துக்கங்க செட்டியாரே. இன்னும் கடவாப்பல்லுகூட விழல.”

“என்ன கணக்கு ராவுத்தரே?”

“நாலு விரல். நாலு குடுத்தா முழுசும் உங்களுக்கு.”

“எது முழுசும்?”

“எதுக்கு வந்தீங்களோ அது.”

துண்டு விரிந்தது. செட்டியார் கையை உள்ளே விட்டார்.

உள்ளே இருந்தது ராவுத்தர் கை இல்லை. ராவுத்தர் இரண்டு கையாலும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இது மெலிந்த கை. இரண்டு வளையல். கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு. மங்கையர்க்கரசியின் கை. அவள் அடுத்த வாரத்திலிருந்தே கையை நீட்டியிருக்க வேண்டும். ஆனால் அவர் பிடித்த அதே நேரத்தில் அந்தக் கையும் அவரைப் பிடித்தது. அப்படி நடந்து பல மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கை அவருடைய நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தது. முழு விலை.

செட்டியாருக்கு மூன்று தலைமுறையாக வியாபாரம். அவர் பிறந்தபோது மருத்துவச்சி சொன்ன எடையையே அவருடைய அப்பா கொஞ்சம் குறைத்துக் கேட்டவர். சொன்ன விலைக்கு வாங்குவது அந்த ரத்தத்தில் இல்லை. அவர் மனசு சரி என்றது. அதற்குள் கை மூன்று விரலைப் பிடித்துவிட்டது.

உள்ளே இருந்த கை அவர் புறங்கையில் மெதுவாக ஒரு தட்டு தட்டிவிட்டு விலகிக்கொண்டது.

“படிஞ்சிருச்சு,” என்றார் ராவுத்தர். “கெட்டிக்காரத்தனமான பேரம். வீட்டுல சந்தோசப்படுவாங்க.”

சவரிமுத்து செட்டை மாட்டிவிட்டு வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

“புள்ளி பாத்துக்கிச்சு மொதலாளி. ஆனா நாலுக்கு மூணு தடவதான் பாக்குது. நாலாவது தடவ மேலது எங்கயோ போயிட்டு வருது. வெல பேசுனது யாரு?”

“நான்தான்.”

“அப்ப சரி,” என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.

வீட்டில் மங்கையர்க்கரசி எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்டியா?”

“ஆச்சுங்க.”

“தபால் வந்துச்சா?”

“இல்லீங்க.”

“மழை வருமா?”

“வராப்புலதான் இருக்கு.”

எல்லாம் அந்தந்த நேரத்துக்கு வந்தது. செட்டியாருக்குக் கண் கலங்கியது.

“மங்கை, எம்மேல கோவமா?”

நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்த சூடு மட்டும் இருந்தது. அடுத்து, பால்காரன் வந்தானா என்று அவர் கேட்டபோது அவள் திரும்ப அங்கே இருந்தாள்.

நாலாவது இடத்தில் உப்புப் பெறாத கேள்வி ஒன்றைப் போட்டுத் தள்ளிவிட அவர் எவ்வளவோ பார்த்தார். முக்கியமான கேள்வி எப்படியோ வரிசையைத் தாண்டி நாலாவதாகவே வந்து நின்றது.

மாமனாரின் வருஷத் திதி வந்தது. இருவரும் காரில் ஏறினார்கள். செட்டியார் சாவியைத் திருகவில்லை. தோள் துண்டை எடுத்து, இருவருக்கும் நடுவில் சீட்டின்மேல் விரித்தார். இடது கையை அதற்குள் விட்டார். அவள் கை ஏற்கெனவே அங்கே இருந்தது.

அவர் ஐந்து விரலையும் கொடுத்தார்.

“உங்களுக்குக் கட்டுப்படியாகாதுங்க,” என்றாள்.

“பரவால்ல.”

“கேட்டது நாலுதானே?”

“அது அன்னிக்கு வெல.”

அவள் துண்டுக்கடியில் எண்ணினாள். நாலை எடுத்துக்கொண்டு சுண்டுவிரலைத் திருப்பிக் கொடுத்தாள். செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டார். இடது கையில் சுண்டுவிரல் மட்டும் இருந்தது. மீதி நாலையும் அவள் முந்தானையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். கியர் போடச் சுண்டுவிரல் தாராளமாகப் போதும்.

எஞ்சின் சத்தமில்லாமல் கிளம்பியது.

“மங்கை, எம்மேல கோவமா?”

சீட்டில் அவள் இருந்தாள்.

“கொஞ்சம்,” என்றாள்.

ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் அழுகை வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார்கள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போனான்.

“போலாமா?” என்று அவள் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவர், “போலாம்,” என்றார்.