யாருடைய முதுகு

கம்ப்யூட்டர் கடையில் சி.டி. சுற்றும் சத்தம் கேட்டு நின்றது. கடைக்காரப் பெண் அதை வெளியே எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, வாயால் ஊதி மறுபடி உள்ளே தள்ளினாள்.

"இதெல்லாம் இப்ப யாரு அக்கா வச்சிருக்காங்க? இந்த டிரைவையே தூசி தட்டி எடுத்தேன்" என்றாள்.

எதிரே ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தவள் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியின் மனைவி. மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துவிட்டு நேரே வந்திருந்தாள். விரல் இடுக்குகள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தன. சி.டி.யில் இருந்தது அவள் புருஷனின் முதுகெலும்பு. கிடங்கில் அவனைக் 'கிரேன்' என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியில் சாய்த்து வைத்த பலகை வழுக்கி, மூட்டையும் கிரேனுமாகக் கீழே விழுந்த நாளிலிருந்து அவனால் ஒருக்களித்துத்தான் படுக்க முடிகிறது. இடது கால் மரத்துப்போய்க்கொண்டே வருகிறது. ஒரு நாள் கொதிக்கும் தண்ணீர் பாதத்தில் சிந்தியபோது, அவள் கத்திய பிறகுதான் அவன் குனிந்து பார்த்தான். சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தக் கால் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலையில் அடிபட்டதென்றால் கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்வோம் என்றுதான் மேனேஜரும் சொன்னார். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை அவர் கையால்கூடத் தொடவில்லை. காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், ஸ்கேன் படத்தைப் போனில் அனுப்புங்கள் என்றார்.

"வந்துடுச்சுக்கா."

திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முதுகு வந்தது. எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கினாற்போல் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் ஏதோ பின்பக்கம் பிதுங்கியிருந்தது. ஓரத்தில் அவன் பெயரும் வயதும் தேதியும் சின்ன எழுத்தில் இருந்தன.

"இது சாதாரண போட்டோ மாதிரி இல்ல. இந்த சி.டி.யோட வந்த சாஃப்ட்வேர்லதான் திறக்கும். போன்ல பாக்கணும்னா மாத்தணும்."

"மாத்தினா கெட்டுடாதே?"

"கெடாதுக்கா. எல்லாத்தையும் அனுப்பினா உங்க போன் மூச்சு வாங்கும். நல்லாத் தெரியறத மட்டும் எடுத்துத் தரேன்."

படங்கள் ஒவ்வொன்றாகப் போனில் வந்து விழுந்தன. அவள் அங்கேயே மேனேஜருக்கு அனுப்பினாள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் பதில் குரல் பதிவாக வந்துவிட்டது. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே கேட்டார்கள். "இது யாரோட முதுகும்மா? பேர் இல்ல, தேதி இல்ல. ஊர்ல எல்லாருக்கும் முதுகு இருக்கு. பேர், தேதியோட அனுப்புங்க."

"என் முதுகையே யாரோடதுன்னு கேக்கறார்" என்று கிரேன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். சிரிக்கத்தான் பார்த்தான். சிரித்தால் இடுப்பில் இழுத்தது.

மறுநாள் ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போனாள். சி.டி. கொடுத்தாகிவிட்டது, அதற்குமேல் எங்கள் வேலை இல்லை என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டிவிட்டார்கள். திரும்பவும் கம்ப்யூட்டர் கடைக்கே வந்தாள்.

கடைக்காரப் பெண் போனையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமாக்கா. திரையில தெரியுது, படமா மாத்தறப்ப பேர் விட்டுப்போயிடுது. நான் கவனிக்கல. இதுக்குப் போய் அலைவீங்களா, நானே டைப் பண்ணிடறேன்." திரையில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் பார்த்து, ஒவ்வொரு படத்தின் மேலும் மஞ்சள் நிறத்தில் அடித்தாள். "டாக்டர் எந்த எடம்னு சொன்னாரு?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். பிதுங்கிய இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டமும் விழுந்தது. இப்போது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும் என்று இருவருக்கும் திருப்தி. கடைக்காரப் பெண் அன்றைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் கிடங்குக்கு மேலே மூன்றாவது மாடியில். மேஜைமேல் இரண்டு தாள்கள் அருகருகே கிடந்தன. ஒன்று வெறும் படம், இன்னொன்றில் மஞ்சள் எழுத்தும் சிவப்பு வட்டமும்.

"மொதல்ல வந்ததுல பேர் இல்ல. ரெண்டாவதுல இருக்கு. நடுவுல என்னம்மா நடந்தது?"

"நீங்கதான சார் பேர் போட்டு அனுப்பச் சொன்னீங்க."

"பேரோட அனுப்பச் சொன்னேன். நீங்களா எழுதிக்கச் சொல்லலியே. இதுக்குப் பேர் என்ன தெரியுமா? போர்ஜரி."

அவள் பையிலிருந்து சி.டி.யை எடுத்து நீட்டினாள். "இதுல இருக்கு சார். நீங்களே போட்டுப் பாருங்க. ஓரத்துல சின்னதா இருக்கும்."

மேனேஜர் தன் லேப்டாப்பைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். "எங்க போடறது, சொல்லுங்க. இந்த ஆபீஸ்லயே எதுலயும் அதுக்கு எடம் கெடையாது." பொறுமையாகத்தான் சொன்னார். "சரி, பாவம் பாத்துச் சொல்றேன். நாளைக்கு ஆள நேர்ல கூட்டிட்டு வாங்க. கம்பெனி டாக்டர் பாத்து முடிவு சொல்லட்டும்."

மறுநாள் கிடங்கில் அவனோடு வேலை செய்கிற இருவர், வேலையைப் போட்டுவிட்டு அவனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். லிஃப்ட் சரக்குக்கு மட்டும், ஆட்கள் ஏறக் கூடாது என்று வாட்ச்மேன் கறாராகச் சொல்லிவிட்டான். இத்தனை வருஷம் அந்த லிஃப்ட்டில் மூட்டை ஏற்றியவன் கிரேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடி ஏற்றினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் பல்லைக் கடித்தான். வலி அடங்கட்டும் என்று நின்று நின்று போனார்கள்.

ஆபீஸ் கதவு தெரிந்ததும், "எறக்குங்கடா" என்றான்.

"அண்ணே, உள்ள வரைக்கும் தூக்கிட்டே போயிடறோம்."

"வேணாம். ஏற்கெனவே போர்ஜரிங்கறாங்க. தூக்கிட்டுப் போனா, நாடகம் ஆடறான்னு சொல்லுவாங்க. நான் நடந்தே போறேன்."

அவள் தடுக்கவில்லை. அவளுக்கும் அது சரி என்றே பட்டது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனான். நாற்காலி வெளியே நடையிலேயே கிடந்தது. உள்ளே போய் நின்றபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மேனேஜர் தலை நிமிர்ந்தார். "அட, நடந்தே வந்துட்டியே."

"டாக்டர் எங்க சார்?" என்று அவள் கேட்டாள்.

"அவருக்கு இன்னிக்கு வர முடியல. ஆளப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அது போதுமாம்." மேஜையைச் சுற்றி வந்து போனைத் தூக்கிப் பிடித்தார். "சுவர விட்டுத் தள்ளி நில்லுப்பா. வெளிச்சம் விழல."

அவன் சுவரை விட்டான். இடது பக்கம் சாய்ந்தான். அவள் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள். உள்ளங்கையில் அவன் உடம்பு உதறுவது தெரிந்தது.

"நீங்க கொஞ்சம் நகருங்கம்மா. உங்க கை படத்துல விழுது."

"விட்டா விழுந்துடுவாரு சார்."

"ஒரு நிமிஷம்தாம்மா. ஆள் முழுசாத் தெரியணும், இல்லன்னா அதுக்கும் டாக்டர் ஏதாவது சொல்வார்."

கிரேன் திரும்பிப் பார்க்காமல், "விடு, நிக்கிறேன்" என்றான்.

அவள் கையை எடுத்துக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள். மேனேஜர் ஒரு கண்ணைச் சுருக்கிப் போனைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் நிமிந்து" என்றார்.

அவன் நிமிர்ந்தான்.