சுண்டுவைக் கேட்டு வந்தவர்கள்

காலையில் பல்லி என்கிற சிறுமி யார் கண்ணிலும் படாமல் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தபோது, சுண்டுவின் கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்திருந்தது. பக்கத்தில் அதன் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்த பையன் எங்கே?"

அந்த அம்மா நிமிர்ந்தாள். பல்லியின் சிக்குப்பிடித்த தலையைப் பார்த்தாள். பிறகு நர்ஸ் உட்கார்ந்திருந்த மேஜைப் பக்கம் கையைக் காட்டினாள். பல்லிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவர்கள் மூன்று பேர். பஸ் நிலையத்துக்குப் பின்னால், மேம்பாலப் படிக்கட்டுக்கு அடியில்தான் குடித்தனம். எந்தச் சுவரானாலும் விறுவிறுவென்று ஏறிவிடுவதால் அவள் பல்லி. அடுத்தவன் சோடா. குப்பையில் கிடைத்த சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு திரிவான். அதைப் போட்டால் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. ஆனாலும் கழற்ற மாட்டான். கடைக்குட்டிதான் சுண்டு. போன மழைக்காலத்தில் கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவனைக் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டார். அவனைத் தேடி யாரும் வரவில்லை. அழுது ஓய்ந்தபின் பல்லியின் பாவாடையைப் பிடித்தான். பிடித்தவன் விடவேயில்லை. வாய் மட்டும் ஓயாது. தூக்கத்தில்கூடப் பேசுவான்.

அவனுக்கு இருமல் வந்தபோது பல்லி மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அதற்கும் இருமல் அடங்கவில்லை. மூச்சுக்கு மூச்சு நெஞ்சு குழிவிழ ஆரம்பித்ததும், பழைய இரும்புக் கடை தள்ளுவண்டியில் அட்டையை விரித்துப் படுக்கவைத்து, அவளும் சோடாவும் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வழியில் சுண்டு இரைப்புக்கு நடுவே கேட்டான்: "ராஜா மாதிரி இருக்கேன்ல?"

"ஆமாண்டா ராஜா. வாயை மூடிக்கிட்டு வா."

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது. வார்டில் அவர்களை நிற்க விடவில்லை. மதில் ஓரமாகவே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

பிணவறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி வயதானவர் என்பதால் ஏதோ நம்பிக்கையில் பல்லி நேராகவே கேட்டாள்.

"எங்க தம்பி உள்ளே இருக்கான். குடுங்க. நாங்க எடுத்துட்டுப் போறோம்."

"பெரியவங்க யாரும் வரலையாம்மா?"

"நான்தான் பெரியவ."

அவர் சிரிக்கவில்லை. "உன்கிட்டல்லாம் குடுக்க முடியாது தாயி. சொந்தக்காரங்கன்னு வயசு வந்தவங்க ஒருத்தர் வந்து கைநாட்டாவது வைக்கணும். நாளைக்குள்ள யாரும் வரலேன்னா, கேட்க ஆளில்லாத மத்த பிணங்களோட சேத்து எடுத்துட்டுப் போயிருவாங்க."

"எங்கே?"

"அதை எதுக்குக் கேக்கிறே?"

சோடா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். "அவனுக்குத்தான் ஆள் இருக்கே," என்றான்.

முதலில் பழைய இரும்புக் கடை முதலாளியிடம் போனார்கள். அவர்கள் பொறுக்கும் பாட்டிலும் கம்பியும் போய்ச் சேருவது அந்தக் கடைக்குத்தான். சுண்டுவை அவர் மடியில் வைத்துக் கொஞ்சியதுண்டு. சேதியைக் கேட்டதும் "ஐயோ பாவமே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். உண்மையாகவே கண் கலங்கினார். கூட வரச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"நான் எப்படிம்மா வர்றது? போலீஸ்காரன் நீ யாரு, உன்கிட்ட இந்தப் பசங்க என்ன வேலை பாக்கிறாங்கன்னு கேட்பான். கடையை இழுத்துப் பூட்டிருவான். எனக்கும் புள்ளகுட்டி இருக்கில்ல?"

"சித்தப்பான்னு மட்டும் சொன்னா போதும் முதலாளி."

"வண்டியை வேணா எடுத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அவர் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீதி இருந்தது பினாயில் அக்கா ஒருத்திதான். பஸ் நிலையக் கழிப்பறையைக் கழுவுகிறவள். அவளுக்கும் இவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். குழாயில் குளிக்க நுழைந்தாலே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். அதிலும் சுண்டுவைக் கண்டால் ஆகாது. அவள் அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் சேற்றுக்காலோடு ஓடி, திரும்பி நின்று பழிப்புக் காட்டுவான்.

பல்லி வாசலிலேயே நின்றாள். "அக்கா, சுண்டு செத்துப்போயிட்டான்."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "எந்த சுண்டு? அந்த வாயாடியா?"

பல்லி எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கேட்டு முடித்துவிட்டு மறுபடி வாளியைத் தூக்கினாள். "எனக்கு வேலை இருக்கு. சூப்பர்வைசர் வர்ற நேரம். போங்க."

அவர்கள் போகவில்லை. திட்டியிருந்தாலாவது நகர்ந்திருப்பார்களோ என்னவோ. அவள் திட்டவும் இல்லை. உள்ளே தண்ணீர் அடித்து ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். கையில் ஒரு வாளி, அதற்குள் ஒரு குவளையும் ஒரு சோப்பும்.

"என்ன மசமசன்னு நிக்கிறீங்க? நடங்க."

வழியில் பல்லி சொல்லிக்கொடுத்தாள். "அத்தைன்னு சொல்லுக்கா. தூரத்துச் சொந்தம்னு." அக்கா வாளியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

காவலாளி கேட்டார். "பையனுக்கு நீங்க என்ன வேணும்?"

"அம்மா," என்றாள் அக்கா.

பல்லி திரும்பி அவளைப் பார்த்தாள். காவலாளியும் பார்த்தார், அவளுடைய காக்கிச் சட்டையை, வாளியை, பினாயிலில் வெந்து வெளுத்த விரல்களை.

"அப்பா?"

"அவன் உருப்படியா இருந்தா நான் எதுக்கு இங்க வந்து நிக்கிறேன்?"

அவர் அதற்குமேல் தோண்டவில்லை. கைநாட்டு வாங்கிக்கொண்டு, எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

பின்புறக் குழாயடியில் அக்கா அவனைக் குளிப்பாட்டினாள். காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில், கால் வெடிப்பில் எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். "எவ்வளவு அழுக்கு பாரு... எவ்வளவு அழுக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் கை நிற்கவில்லை. பல்லி தண்ணீர் மொண்டு ஊற்றினாள். சோடா கிட்டே வரவேயில்லை. வண்டியில் அட்டையை விரிப்பதும் எடுப்பதும் மறுபடி விரிப்பதுமாக இருந்தான்.

இடுகாட்டில் குழிவெட்டுகிறவர் எதுவும் கேட்காமல் ஓரமாக ஒரு சின்னக் குழி வெட்டிக் கொடுத்தார். பல்லியே உள்ளே இறங்கி அவனை வாங்கிக் கிடத்தினாள். மண்ணைத் தள்ள அவளுக்குக் கை வரவில்லை. அக்காதான் முதல் கைப்பிடி மண்ணைப் போட்டாள்.

திரும்பும்போது, பஸ் நிலையம் கண்ணில் பட்டதும் பல்லி மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நாங்க உன்கூட வந்துரட்டுமா? ஓரமா படுத்துக்குவோம். வீட்டு வேலை எல்லாம் செய்வேன்."

அக்கா நடந்துகொண்டே இருந்தாள். "ஒரே ரூம்டி. என் புள்ளைங்களே குறுக்கும் நெடுக்குமா படுத்துக்கிடக்கும். அந்த மனுசன் குடிச்சிட்டு வந்தா நாங்களே வெளியிலதான் நிப்போம். எங்கடி உன்னை வைப்பேன்?"

"சரிக்கா."

சூப்பர்வைசர் வாசலில் நின்றிருந்தான். அவன் கத்த ஆரம்பிக்கவும், அக்கா தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் சோடா எழுந்திருக்க மாட்டேன் என்றான். பல்லி அவனை அடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, சாக்கை அவன் கையில் கொடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் இரண்டு சாக்கும் நிறைந்துவிட்டது. பழைய இரும்புக் கடை வந்ததும் சோடா பழக்கத்தில் உள்ளே திரும்பினான். பல்லி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க இல்ல. ஆத்துப் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கடை இருக்கு."

"அவ்ளோ தூரமா?"

"அவ்ளோ தூரம்தான்."

பாலத்தில் ஏறும்போது அவளுக்கு அழுகை வந்தது. அதுவரை வரவே இல்லை. சாக்கைப் பிடித்திருந்த இரண்டு கையில் எதை எடுத்தாலும் சாக்கு சரிந்துவிடும் என்பதால் துடைக்கவும் முடியாமல், முகமெல்லாம் வழிய நடந்தாள். சோடா அதைப் பார்த்தான். பார்க்காதவன் போல ஓரெட்டு பின்தங்கி, அவள் சாக்கின் அடியில் தன் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.