தெற்குப் பேருந்து நிலையத்தின் மீது நடந்த தாக்குதல்

புத்தாண்டுக்கு முந்தைய நாள் காலை தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு வண்டிகூட நகரவில்லை. ஓட்டுநர்கள் இருந்தார்கள், டீசல் இருந்தது. புறப்பாட்டுச் சீட்டுதான் வரவில்லை. அந்தச் சீட்டில்லாமல் வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலைக் காவலர் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். சீட்டை அச்சடிக்க வேண்டிய கணினியோ "தேதி செல்லாது" என்று சொல்லி ஒரே பிடிவாதமாக நின்றது. ஊருக்குப் போக வந்திருந்த ஆயிரக்கணக்கான பேர், புத்தாண்டுக்கு வீட்டில் வைக்கும் வழக்கப்படி மடியில் தங்கமீன் கிண்ணமும் கையில் முளைவிட்ட கோதுமைத் தட்டுமாக நடைமேடையில் உட்கார்ந்துகொண்டு, நிலையத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கெல்லாம் வானொலி சொல்லிவிட்டது, இது எதிரியின் இணையத் தாக்குதல் என்று. எந்த எதிரி என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் நாட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் கடலுக்கு அப்பாலிருக்கும் அந்த வல்லரசுதான் காரணம். அவர்கள் நாட்டில் தேர்தலில் யாராவது தோற்றால் நாங்கள் காரணம். இப்படிக் கொடுத்து வாங்கித்தான் நாற்பது வருடமாகக் காலம் ஓடுகிறது.

நிலையத்தின் கணினிப் பொறியாளர் ஈராஜுக்குப் பதினோரு மணிக்கு விஷயம் பிடிபட்டது. எங்கள் ஆண்டின் கடைசி மாதமான எஸ்பந்துக்கு இருபத்தொன்பது நாள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் முப்பது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மென்பொருளை எழுதியபோது, அந்த முப்பதாவது நாளை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஈராஜ் விட்டுவைத்திருந்தான். அந்த அப்புறம் இன்றைக்கு வந்து நின்றது. அவன் கணினியின் தேதியை ஒருநாள் பின்னால் தள்ளினான். சீட்டுகள் மளமளவென்று வந்தன. நானூறு வண்டிகளும் ஏட்டின்படி நேற்றே புறப்பட்டுப் போயின.

நிலைய இயக்குநர் ஓடி வந்து அவன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். தாக்குதலெல்லாம் ஒன்றுமில்லை, தவறு தன்னுடையதுதான் என்று ஈராஜ் அப்போதே சொன்னான். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன தன்னடக்கம், என்ன பெருந்தன்மை என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஒருவரைப் பாராட்டினால், தான் எதற்கும் உதவாதவன், எல்லாம் உங்கள் கருணை என்றுதான் அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். இரண்டு முறை மறுப்பது மரியாதை. மூன்றாவது முறையும் மறுத்தால்தான், ஆள் ஒருவேளை நிஜமாகவே சொல்கிறானோ என்று யோசிப்போம். அவசரத்தில் ஈராஜ் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நின்றுவிட்டான். அது அவன் செய்த இரண்டாவது தவறு.

அன்று மாலையே மஹ்லகாவைப் பாதுகாப்புத் துறையினர் அழைத்துப் போய்விட்டார்கள். ஈராஜுக்கு அடுத்த மேசையில் தரவு பதிகிறவள். காலையில் கனடாவிலிருக்கும் அத்தை மகள் அனுப்பிய புத்தாண்டு வாழ்த்தை அலுவலகக் கணினியில் திறந்து பார்த்திருந்தாள். படத்தில் ஒரு தங்கமீன் வாலை ஆட்டியது. வாழ்த்துப் படத்தில் மீன் எதற்கு ஆட வேண்டும் என்பது விசாரணை அதிகாரிகளின் கேள்வி. அதற்கு யாரிடம்தான் பதில் இருக்கும்.

விடுமுறை முழுக்க ஈராஜுக்குச் சோறு இறங்கவில்லை. செய்தியைப் போட்டால் காரியம் இன்னும் மோசமாகிக்கொண்டிருந்தது. எதிரி நாடு முதலில் கருத்துச் சொல்ல மறுத்தது, ஆனால் சிரித்துக்கொண்டே மறுத்தது. மூன்றாம் நாள், பெயர் சொல்ல விரும்பாத அவர்களுடைய அதிகாரி ஒருவர், பதினெட்டு மாதம் திட்டமிட்ட நடவடிக்கை அது என்று பத்திரிகைக்குச் சொன்னார். உடனே எங்கள் தரப்பு கடும் பதிலடி தரப்படும் என்றது. எட்டாம் நாள் அவர்களுடைய துறைமுகம் ஒன்றில் ஆறு நிமிடம் மின்சாரம் போனது. அது எங்கள் வேலைதான் என்று எங்களவர்கள் மார்தட்டினார்கள். அந்தத் துறைமுகத்திலும் ஓர் ஈராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்திருப்பான்.

அலுவலகங்கள் திறந்ததும் ஈராஜுக்குப் பாராட்டு விழா நடந்தது. எதிரியோடு நான்கு மணிநேரம் தனியாகப் போராடியவர் என்று பொறித்த கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். ஒலிபெருக்கி முன்னால் நின்று, போராடவே இல்லை, பிழை என்னுடையது என்று சொன்னான். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. வீட்டில் அவன் மனைவி கேடயத்தைக் கூடத்தில் மாட்டினாள்.

புத்தாண்டின் இருபத்தோராம் நாள், மென்பொருளை அச்சடித்து எடுத்துக்கொண்டு பாதுகாப்புத் துறை அலுவலகத்துக்குப் போனான். வழக்கை விசாரிப்பவர் தக்வாயி, எல்லோரும் ஹாஜி என்றுதான் அழைப்பார்கள். இன்முகமான மனிதர். தேநீரும் சர்க்கரைக் கட்டியும் பிஸ்தாவும் வரவழைத்து, வீரர் வந்ததால் தன் அறையே பெருமை பெற்றது என்றார். ஈராஜ் தான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவரும் புன்னகைத்தார். இந்த முறை ஈராஜ் விடவில்லை. காகிதத்தை விரித்து, எஸ்பந்து மாதத்துக்கு இருபத்தொன்பது என்று தானே எழுதிய வரியின்மேல் விரலை வைத்தான்.

ஹாஜி படித்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கடைசியில் ஒருவர் நம்பிவிட்டார் என்று ஈராஜுக்கு உயிர் வந்தது.

"சரி, நம்புறேன்" என்றார் ஹாஜி. "இப்ப நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க, இன்ஜினியர். தாக்குதலே நடக்கலைன்னா நாம எதுக்குப் பதிலடி கொடுத்தோம்?"

ஈராஜ் காகிதத்தை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினான். ஹாஜி அதைப் பார்க்கவில்லை.

"அவங்களே நாங்கதான் பண்ணோம்னு ஒத்துக்கறாங்க. மூணு பேருக்குப் பதக்கம் வேற குடுத்துட்டாங்களாம். நீங்க என்னடான்னா முப்பதாம் தேதிங்கறீங்க."

"அவங்க பொய் சொல்றாங்க, ஹாஜி."

"நாற்பது வருஷமா தினமும் அதைத்தான் சொல்லிட்டிருக்கோம். இந்த ஒரு தடவை மட்டும் சொல்ல முடியாது."

அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லையே, அவளை விட்டுவிடுங்கள் என்று ஈராஜ் கெஞ்சினான். ஹாஜிக்கும் இரக்கம் இல்லாமலில்லை. அவர் கோப்பைத் தட்டிக் காட்டினார்.

"விடலாம். எதிரி உள்ளே வந்தான்னு இதுல எழுதியாச்சு. கதவைத் திறந்தது யாருன்னு ஒரு பேர் வேணும். அந்தம்மா இல்லேன்னா வேற ஒருத்தர்."

சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு ஈராஜ் மனதுக்குள் நன்றிகூடச் சொன்னான். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. கூடத்தில் தொங்கும் கேடயம், மனைவியின் முகம், இருபது வருட வேலை எல்லாம் கண்முன் வந்து போயின. ஆனால் அடுத்த மேசை இருபத்தொரு நாளாகக் காலியாகக் கிடந்தது. எழுதித் தருகிறேன் என்றான்.

ஹாஜி சொல்லச் சொல்ல எழுதினான்: முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய மின்னஞ்சலைத் தன் கணினியில் திறந்தான், அதில் ஒளிந்திருந்த நச்சு நிரல் அச்சு இயந்திரத்தின் வழியாக உள்ளே புகுந்தது. அந்த இடத்தில் ஈராஜின் பேனா நின்றது. அச்சு இயந்திரத்தின் வழியாக அப்படிப் புக முடியாது என்று விளக்கி, எப்படிப் புகுந்திருக்க முடியுமோ அப்படித் திருத்தி எழுதினான். பிழையோடு ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுக்க அவனுக்கு இனி மனம் வராது. ஹாஜி படித்துப் பார்த்து, பிரமாதம் என்றார். உண்மை மூன்று முறை சொல்லியும் எடுபடவில்லை, இந்தப் பொய் ஒரே வாசிப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அன்று மதியமே மஹ்லகாவை விட்டார்கள். ஈராஜை வேறு அறைக்கு அழைத்துப் போகும்போது நடைவழியில் எதிரே வந்தாள். புத்தாண்டுக்கென்று வாங்கிய ஊதாத் தலைத்துணி கசங்கி அழுக்கேறியிருந்தது. எதிரிக்குக் கதவைத் திறந்தது ஈராஜ்தான் என்று அவளிடம் அதற்குள் சொல்லியிருந்தார்கள். அவன் பக்கத்தில் காவலர் நின்றார். அவள் நின்று அவனைப் பார்த்தாள்.

"பக்கத்து மேசைக்காரர்னு தினமும் உங்க பேரைத்தான் சார் கேட்டாங்க. அவர் பேரைச் சொல்லிடு, வீட்டுக்குப் போன்னாங்க. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு சொல்லிட்டேன்."

உண்மையை ஒரு வார்த்தை காதில் போட்டால் போதும். ஆனால் அவளை அவனுக்குத் தெரியும். கேட்ட அடுத்த நிமிடம் திரும்பி உள்ளே போய் ஹாஜியின் மேசையில் அறைந்து நியாயம் கேட்பாள். பிறகு அவளை யார் வெளியே விடுவார்கள்.

"மன்னிச்சிடும்மா" என்றான்.

"மாட்டேன்" என்றாள் மஹ்லகா. குரலை உயர்த்தவில்லை. வாசலில் கணவன் காத்திருந்தான், அவனை நோக்கி நடந்தாள், திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஈராஜுக்கு அழுகை வந்தது. அவள் பொய்யை நம்பிவிட்டாள், இனி பத்திரமாக இருப்பாள் என்ற நிம்மதியும் கூடவே வந்தது.