நெமிலி விலாசம்

நாவல்கொட்டாயில் ஒருத்தருக்கும் புற்றுநோய் கிடையாதாம். அரசாங்கத்துக் கணக்கு அப்படித்தான் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும். அதைக் கேட்டு ஊரே கை தட்டியது பாருங்கள், அதைத்தான் சோபனாவால் தாங்க முடியவில்லை.

விஷயம் இதுதான். ஆம்பூரைச் சுற்றித் தோல் கம்பெனிகளின் கழிவுத் தண்ணீர் இறங்கிய ஊர்களில், அந்த நோய் எங்கே ஜாஸ்தி, ஏன் ஜாஸ்தி என்று தோண்டிப் பார்க்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. கிணறு, போர்க் குழாய், மண், மனுஷ ரத்தம் எல்லாவற்றையும் பரிசோதிக்கிற பணம். எல்லா ஊருக்கும் வராது. ஆஸ்பத்திரிப் பதிவில் எந்த ஊர் ஆட்கள் நிறைய இருக்கிறார்களோ, அந்த ஊருக்குத்தான் முதலில். அதைச் சொல்லத்தான் ஆய்வுக் குழுவின் டாக்டர் கவிப்ரியா பள்ளிக்கூட வராந்தாவில் ஊரைக் கூட்டியிருந்தார்.

"உங்க ஊர் பேர்ல ஒருத்தர்கூட இல்லைங்க. அதனால பணம் இங்க வராது. ஆச்சரியம் இன்னான்னா, நெமிலி பக்கம் நிறைய காட்டுது. அங்க தோல் கம்பெனி ஒண்ணுகூட இல்ல, வெறும் நெல்லு வயல். ஏன்னு எங்களுக்கே புரியல" என்றார் டாக்டர்.

பின்னால் யாரோ ஒரு புண்ணியவான் கை தட்டினான். "நம்ம ஊர் நல்ல ஊருங்க மேடம்!" என்றான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் தட்டியது. டாக்டர் பேய் முழி முழித்தார். போர் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தால் விடிவதற்குள் மேலே மஞ்சளாக ஆடை கட்டுகிற ஊர் அது.

சோபனா கை தட்டவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். நெமிலியில் அத்தனை பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதில் ஒருத்தி அவளேதான்.

ஊரில் அப்படி ஒரு வழக்கம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கார்டு போடும்போது சொந்த ஊரைச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தபால் வந்தால் போதும், தெருவுக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருந்தால் அவள் கதை முடிந்தது. "அம்மாவுக்கு அந்த நோயாமே, ரத்தத்துல இருக்கு" என்று மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே போய்விடுவார்கள். அதனால் அக்கா வீட்டு விலாசம், மாமன் வீட்டு விலாசம் என்று எதையாவது கொடுத்துவிடுவார்கள். நாவல்கொட்டாய் காலங்காலமாகப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நெமிலி பக்கம்தான் ஜாஸ்தி.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் நம்ம ஊர் ஆள் எதிரே வந்தால் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்க்காத மாதிரி போய்விட வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு "எங்க போய்ட்டு வந்தீங்க?" என்று கேட்கவும் கூடாது. இதெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. ஆனால் ஊரே ஒழுங்காகக் கடைப்பிடித்தது.

சோபனாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றி, கரண்ட் என்கிற கதிர் சிகிச்சை வைத்து, கொட்டிய முடியெல்லாம் மறுபடி முளைக்கிற வரைக்கும் நெமிலியில் அக்கா வீட்டில் கிடந்தாள். அக்காவுக்குத்தான் உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று ஊரில் கதை கட்டிவிட்டான் அவள் புருஷன் ராமமூர்த்தி. ஆரோக்கியமாக இருந்த அக்கா அந்த வருஷம் பூராவும் நாவல்கொட்டாய்ப் பக்கமே தலை காட்டாமல் இருந்தாள் பாவம்.

டாக்டர் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். "சனிக்கிழமை மறுபடி வர்றேன். யாராவது விட்டுப்போயிருந்தா ஆஸ்பத்திரி கார்டோட வந்து சொல்லுங்க. அன்னைக்குச் சாயங்காலம் ஊர்ப் பேர்களை மேல அனுப்பிடுவேன். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

சனிக்கிழமையா! மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சோபனாவின் மகள் பூர்ணிமாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, மேலத்தெரு சம்பூர்ணத்தின் மகன் ராகுல். சம்பூர்ணம் புருஷனைப் பறிகொடுத்தவள், ஒற்றை ஆளாக மாடு வைத்துப் பால் ஊற்றி மகனை இஞ்சினியருக்குப் படிக்க வைத்தவள். அவள் வாய்க்குப் பயந்து கறவை மாடுகூட ஒழுங்காக நிற்கும் என்பார்கள். அவளே வீடு தேடி வந்து பெண் கேட்டிருந்தாள்.

வீட்டில் சோபனா விஷயத்தைச் சொன்னதும் ராமமூர்த்தி குதித்தான்.

"உனக்கின்னா பைத்தியமா? ஒருநாள் பொறுக்க மாட்டியா? ஞாயித்துக்கிழமை தட்டு மாத்தட்டும், அப்புறம் ஊர் பூரா தண்டோரா போடு!"

"நான் பொறுப்பேன்யா. சனிக்கிழமை பொறுக்குமா? அந்தப் பணம் நெமிலிக்குப் போய்டும். அங்க போய் நல்ல தண்ணியைப் பரிசோதிச்சுட்டு ஒண்ணுமில்லன்னு எழுதிடுவாங்க. அதோட நம்ம கதையும் முடிஞ்சுது."

"அந்தச் சம்பூர்ணம் வாசல்ல வந்து நின்னு கிழிப்பா. உன்னையில்ல, என்னை!"

பூர்ணிமா அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணம் நின்றுவிடுமா என்று கேட்கப் போகிறாள் என்று சோபனா நினைத்தாள். அவள் கேட்டது வேறு.

"எனக்கும் வருமாம்மா?"

சோபனா அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வராது என்று சொல்ல வாய் எழவில்லை. இத்தனை நாளாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிடுவார்களோ என்று பயந்த அதே வார்த்தையை இந்தக் குழந்தை ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்திருந்திருக்கிறது. மறைத்து மறைத்து, தண்ணீரால் வந்ததோ எதனால் வந்ததோ, அதை ரத்தத்தில் ஓடுவதாக ஆக்கி வைத்தது வேறு யாரு? நாமதானே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"தெரியாதுடி கண்ணு. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பணம். அதை நான் விட மாட்டேன்" என்றாள்.

மறுநாளே கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் அவள் பார்த்தும் பார்க்காமல் விட்ட முகங்கள் உண்டே, அந்த வீடுகளின் கதவைத் தட்டினாள். பெரிய மரியாதைக் குறைச்சல்தான், ஆனாலும் தட்டினாள். பால்வாடித் தெரு சங்கீதா, "நான் அங்க வந்ததே இல்ல, வேற யாரையோ பார்த்திருப்பீங்க" என்று கதவை முகத்திலேயே சாத்தினாள். வார்டு மெம்பர் இஷ்தியாக் அகமது மட்டும் உட்கார வைத்து டீ கொடுத்தார். அவர் சம்சாரம் மருந்து வாசத்தோடு உள் அறையில் இருமிக்கொண்டிருந்தாள். "என் ரெண்டாவது பொண்ணுக்கு இப்பத்தான் பேசிட்டிருக்கோம் தங்கச்சி. என்னைப் பேஜார்ல மாட்டிவிடாதே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவரைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. போன வாரம் வரைக்கும் அவளும் அதே ஆள்தானே.

சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போன தடவையைவிட ஜாஸ்தி. சோபனா எதற்கோ வீடு வீடாக ஏறி இறங்கினாள் என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். முன்வரிசையில் சம்பூர்ணம், நாளைய சம்பந்தியம்மா, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ராமமூர்த்தி தூண் மறைவில் நின்றான், பூர்ணிமா அவன் பக்கத்தில்.

"யாராவது இருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

சோபனா எழுந்தாள். கையிலிருந்த ஆஸ்பத்திரி கார்டை நீட்டினாள்.

"நான் இருக்கேன் மேடம். எனக்கு மார்புல புத்துநோய். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. நெமிலியில என் அக்கா வூட்டு விலாசத்தைக் கொடுத்தேன். நான் பொறந்ததுல இருந்து குடிச்சது இந்த ஊர்த் தண்ணி. நெமிலியில இருக்கறதாக் காட்டுதே, அது நாங்கதான் மேடம்."

ஒரு ஆள் மட்டும் எகிறினான், தோல் கம்பெனியில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டுகிறவன். "கம்பெனியை மூடிட்டா சோறு நீ போடுவியா?"

"மூடச் சொன்னது யாருய்யா? தண்ணியைப் பாருன்னுதானே கேக்கறேன். எனக்கும் அதே தோல்தான் சோறு போடுது. உன் வூட்ல அடுத்து யாருன்னு உனக்குத் தெரிய வேணாமா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் வேறு யாரும் எழவில்லை. சங்கீதா சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். இஷ்தியாக் பாய் கூரையைப் பார்த்தார். டாக்டர் ஒரே ஒரு பெயரை எழுதிக்கொண்டு, "ஒருத்தரை வச்சு நான் மேல கேக்க முடியாதுங்களே" என்றார் வருத்தமாக.

அப்போதுதான் சம்பூர்ணம் காலை இறக்கினாள்.

"ஏண்டி சோபனா!" என்று ஒரு சத்தம் போட்டாள். ராமமூர்த்திக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. "நாளைக்கு நிச்சயத்தை வச்சுக்கிட்டு, ஊர் நடுவுல நின்னு இன்னா பேச்சுடி இது?"

"உண்மையத்தாங்க்கா பேசினேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, உங்க மேல வருத்தமில்ல" என்றாள் சோபனா. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் பொய்.

சம்பூர்ணம் அவளைப் பார்க்கவே இல்லை. நேராக டாக்டர் மேசைக்குப் போனாள்.

"எழுதும்மா. ஜம்புலிங்கம். என் வூட்டுக்காரர். ஹார்ட் அட்டாக்னு சொல்லி ஊரைக் கூட்டி அழுதேன். ஹார்ட் அட்டாக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குடல்ல புத்து. நெமிலிக்குப் பக்கத்துல அரக்கோணத்துல என் தம்பி விலாசம் கொடுத்தேன். கார்டு வூட்ல இருக்குது, எடுத்தாறேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னா பார்த்துக்கினு உக்காந்திருக்கீங்க? யார் யாரை அங்க பார்த்தேன்னு நான் ஆரம்பிச்சா நல்லாயிருக்காது. நீங்களே எழுந்து வந்துடுங்க!"

முதலில் எழுந்தது இஷ்தியாக் பாய். அப்புறம் சங்கீதா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. பிறகு பெஞ்சுகள் நகருகிற சத்தம்தான். சோபனாவுக்குத் தெரிந்தது சில முகங்கள்தான். எழுந்து வந்தவர்களோ மேசையிலிருந்து வாசப்படி வரைக்கும் நின்றார்கள். டிரம் ஓட்டுகிறவனும் கடைசியில் வந்து நின்றான், அவன் அம்மாவுக்காக. அத்தனை பேரையும் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை பேர் தனித்தனியாகக் கிடந்து செத்தார்கள் என்றுதான் நினைத்தாள். "ஊர் பேர் கண்டிப்பா போகுது. நான் விட மாட்டேன்" என்றார் டாக்டர், எழுதுவதை நிறுத்தாமலே.

சம்பூர்ணம் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சோபனா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, என்னை அங்க பார்த்தீங்களா?"

"கரண்ட் வைக்கற ரூம் வாசல்ல. மொட்டைத் தலையில முக்காடு போட்டுக்கினு இருந்தே. நான் அவரை வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனேன். நீ குனிஞ்ச தலை நிமிரல."

"தெரிஞ்சுமா பூர்ணிமாவைக் கேட்டீங்க?"

சம்பூர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தெரிஞ்சதாலதான்டி கேட்டேன். என் புள்ளயும் இதே தண்ணிதான் குடிச்சான். நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நோயை மறைச்சுக் கட்டிவச்சேன்னு வேற எவளா இருந்தாலும் என் மேல மண்ணை வாரித் தூத்துவா. நீ மாட்டேன்னு தோணுச்சு."

சோபனா அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் பூர்ணிமாவும் ராகுலும் டாக்டரோடு நின்று, ரத்தம் எடுக்க எப்போது வருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தூத்துவோம்க்கா, ரெண்டு பேருமே சேர்ந்து தூத்துவோம். யார் மேலன்னு அந்தத் தண்ணிப் பரிசோதனை முதல்ல சொல்லட்டும்" என்றாள்.