வற்றிய வீக்கம்

கஜந்தினி வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு மூட்டுவாதத்தை வரவழைத்து, வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கணுக்கால்களை அளப்பது அவள் வேலை. கோர்ட்டிசோன் கொடுத்த எலிகளுக்குத்தான் வீக்கம் முதலில் வற்றும். சென்ற மாதம் அவற்றில் சிலவற்றுக்கு மருந்தைத் திடீரென நிறுத்திப் பார்த்தார்கள். கால்கள் மறுபடி வீங்கின. சில எலிகள் தீனியைத் தொடாமல் மூலையில் சுருண்டு கிடந்தன. சில செத்துப்போயின.

புதன்கிழமை மதியம் பாரிஸின் லா ஷப்பலில், அக்கா சிவரஞ்சினி ரொட்டி தட்டும் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். அக்காவுக்கும் மூட்டுவாதம்தான். சித்திரையில் விரலை மடக்க முடியாமல் இருந்தவள், இப்போது கல்யாண மோதிரம் போட்டிருந்தாள்.

“ஏறீட்டுது, பாத்தியோ? ஊர் மூலிகைக் குளிசை. நீ எலிக்கு வைத்தியம் பாத்துக்கொண்டிரு.”

அக்காவின் முகம் உருண்டு பருத்திருந்தது. ஆனால் உதடு வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது. மோதிரத்தின் இருபுறமும் சதை பிதுங்கியது.

“குளிசைப் போத்தலிலை என்ன மருந்தெண்டு போட்டிருக்கோ?”

“ஒண்டும் இல்லை. தெரிஞ்ச ஆக்கள் கொண்டு வாறது. வைகாசியிலையிருந்து போட்டனான். கந்தசஷ்டி துவங்க விட்டிட்டன். அந்தக் குளிசையின்ரை மேல்கூடு மாட்டெலும்பிலை செய்யிறதாம். விரதத்திலை வாயிலை வைக்கலாமோ?”

கஜந்தினிக்கு மூலையில் சுருண்டு கிடந்த எலிகள் நினைவுக்கு வந்தன. அவள் வாய் திறப்பதற்குள் மாவை எடுக்கக் குனிந்த சிவரஞ்சினி நிமிரவில்லை. அப்படியே சரிந்தாள்.

கடைக்காரர் தவரத்தினம் ஓடிவந்தார். “விரத மயக்கம், பிள்ளை. வருசா வருசம் பாக்கிறன். நானும் விரதம்தான், நிக்கிறன்தானே. உள்ளுக்கை படுக்க வையுங்கோ.”

கஜந்தினி அதற்குள் அவசர எண்ணை அழைத்திருந்தாள்.

“மத்தியானச் சனத்துக்குள்ளை அம்புலன்சோ,” என்று அவர் முணுமுணுத்தார்.

அம்புலன்சில் வந்த மருத்துவர், இவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டார். மூலிகை மட்டும்தான் என்றார் தவரத்தினம்.

“கோர்ட்டிசோன்,” என்றாள் கஜந்தினி பிரெஞ்சில். “மாதக்கணக்காக. திடீரென்று நிறுத்தியிருக்கிறார். உடம்பு தானாக அதைச் சுரப்பதை விட்டிருக்கும்.” அவளிடம் இருந்த சான்று, வற்றி மறுபடி வீங்கிய அந்த விரல் மட்டுமே. மருத்துவர், கோர்ட்டிசோன் எடுப்பவர்களுக்கு வருவதுபோல் உருண்டிருந்த சிவரஞ்சினியின் முகத்தையும், மிகவும் கீழே போயிருந்த இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். ஊசியை எடுத்தார்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் சிவரஞ்சினி கண் திறந்தாள். மோதிரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள்.

“என்னடி ஏத்துகினம்?”

“நீ போட்ட குளிசையிலை இருந்ததுதான். அது மூலிகையில்லை அக்கா. சட்டெண்டு விட்டால் ஆளைக் கொண்டுபோயிடும்.”

சிவரஞ்சினி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“எடி, எனக்கு அதைக் காட்டினதே தவரத்தினம் அண்ணைதான். அவருக்கு முழங்கால் வருத்தம். எனக்கு முன்னமே போடத் துவங்கினவர்.”

கஜந்தினி கடைக்கு அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது. கடைசியில் சமையல்காரர் எடுத்தார்.

“அண்ணை உள்ளுக்கை படுத்திருக்கிறார் தங்கச்சி,” என்றார். “விரத மயக்கமாம்.”